மொசார்ட்டுக்குப் பக்கத்தில் ஷோன்பர்குக்கு என்ன வேலை?

மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் பியானோ சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பியானோ என்று சொன்னாலும் இருப்பது 88 கட்டை உள்ள டிஜிட்டல் பெட்டிதான். ஏழாம் வகுப்புப் பெண். ஒரு நாள் மொசார்ட்டின் மினுவெட் என்ற சின்ன நடன மெட்டு ஒன்றை வாசித்து முடித்துவிட்டு, கையை எடுக்காமல் பார்டோக்கின் மினுவெட்டோவைத் தொடங்கினாள். நாலு வரி தாண்டவில்லை, அடுக்களையிலிருந்து அவள் அம்மா தலையை நீட்டினார்.

"சாரே, பெட்டி கேடாயிட்டா? இல்ல, இவளுக்க கையா பெசகுது?"

பெட்டியும் நன்றாக இருந்தது, கையும் பிசகவில்லை. பார்டோக் அப்படித்தான் எழுதியிருந்தார். பதிலாக நான் அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான், சரியான பதிலைச் சொல்லவில்லையே என்று உறைத்தது. ஏனென்றால் இதே கேள்வியைப் பெரிய மேடைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரே ஆள் பியானோ வாசிக்கும் கச்சேரியில் இருநூறு வருஷத்துக்கு முந்திய ஹைடன், மொசார்ட் பக்கத்திலேயே இருபதாம் நூற்றாண்டின் ஷோன்பர்க், வெபர்ன் என்று பெயர்கள் இருக்கும். பார்த்தவுடன் ஆளுக்கொரு விளக்கம். மட்டிப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் கொடுக்கிற மாதிரி, நல்ல பாட்டுக்கு நடுவே புரியாததைத் திணிக்கிறார்கள் என்பார் ஒருவர். சும்மா ஒரு மாறுதலுக்கு என்பார் இன்னொருவர். வாசிக்கிறவர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறார் என்பார் மூன்றாமவர்.

மூன்று விதமாகவும் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக அமைந்த ஜோடியில் வேறு ஒன்று நடக்கிறது. மாத்திரை கதையில் மொசார்ட் பழம், ஷோன்பர்க் மருந்து. உண்மையில் வைத்தியம் பெரும்பாலும் மொசார்ட்டுக்குத்தான்.

சொற்களை முதலில் சரி செய்துகொள்வோம்

நம் பக்கத்தில் 'கிளாசிக்கல்' என்றால் கோட்டு போட்டவர்கள் வாசிக்கும் எல்லாமே அதில் அடக்கம். இசை வரலாற்றில் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் இறுக்கமான பொருள் உண்டு. சுமாராக 1750 முதல் 1820கள் வரை, வியன்னாவை மையமாக வைத்து வளர்ந்த இசை. ஹைடன் (1732–1809), மொசார்ட் (1756–1791), பேத்தோவன் (1770–1827) மூவரும் அதன் தூண்கள். நம் கணக்கில் சொன்னால், மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே முதல் தேவாலயத்தைக் கட்டிய 1809இல்தான் ஹைடன் வியன்னாவில் கண்ணை மூடினார். அவ்வளவு தூரத்து ஆளும் அல்ல அவர். ஆங்கிலப் பாட்டுப் புத்தகம் வைத்துப் பாடும் சபைகளில் 'ஆஸ்திரியா' என்ற மெட்டைக் கேட்டிருப்பீர்கள். அது ஹைடனுடையது.

'மாடர்னிஸ்ட்' என்றால் புதியவர் என்று மட்டும் பொருள் அல்ல. போன வாரம் வெளிவந்த சினிமாப் பாட்டு புதியதுதான், மாடர்னிஸ்ட் அல்ல. 1900களின் தொடக்கத்திலிருந்து, இசை எந்த அஸ்திவாரத்தில் நிற்கிறதோ அதையே கேள்வி கேட்டு எழுதியவர்களுக்கு அந்தப் பெயர். ஷோன்பர்க் (1874–1951), அவருடைய மாணவர்கள் வெபர்ன், பெர்க், ஹங்கேரியின் பார்டோக் ஆகியோர் இதில் வருவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஷோன்பர்கும் அந்த இரண்டு மாணவர்களும் வியன்னாக்காரர்கள். மொசார்ட் நடந்த தெருக்களில் நூறு வருஷம் கழித்து நடந்தவர்கள். தனக்கு முதன்மையான ஆசிரியர்கள் மொசார்ட்டுக்கு முந்திய ஜெர்மானியரான பாக்கும், மொசார்ட்டும்தான் என்று ஷோன்பர்க்கே எழுதி வைத்திருக்கிறார்.

'சோலோ ரிசைட்டல்' என்பது ஒரே கலைஞர் முழுநேரமும் வாசிக்கும் நிகழ்ச்சி. இது ஏதோ ஆதி காலத்து வழக்கம் அல்ல. மொசார்ட் காலத்துக் கச்சேரியில் பாடகர், வாத்தியக்குழு, பியானோ எல்லாம் கலந்து வரும். வாசித்ததும் பெரும்பாலும் அந்தக் காலத்துப் புதுப் பாட்டுகள்தான். பிறகு வந்த பியானோக்காரர் லிஸ்ட் தனியாளாக மேடையைப் பிடித்துக்கொண்டார். 1840இல் லண்டனில் அவருடைய நிகழ்ச்சிக்குத்தான் 'ரிசைட்டல்' என்ற பெயரை முதன்முதலாகப் போட்டார்கள்.

ஆமெனில் பாதி

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஒரு இசை ஏன் 'கேடாகி'விட்டது போல ஒலிக்கிறது?

கோயிலில் பாட்டு முடிந்ததும் பாடகர் குழு நாலு குரலில் 'ஆ—மென்' என்று முடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கீபோர்டில் அது இரண்டே கார்டு. கார்டு என்பது பல கட்டைகளைச் சேர்த்து அமுக்குவது. முதலில் எஃப், ஏ, சி. அப்புறம் சி, ஈ, ஜி. இப்போது ஒரு சோதனை. 'ஆ' மட்டும் வாசித்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் யாராவது 'மென்' போட்டு முடிக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் குழுவில் ஒரு ஆர்கனிஸ்ட் ஒத்திகையின்போது வேண்டுமென்றே இப்படி நிறுத்திப் பையன்களைத் தவிக்க விடுவார்.

ஏன் தவிப்பு? பாட்டு முழுக்கக் காது ஒரு சுரத்தை வீடாக வைத்துக்கொண்டிருக்கிறது. மற்ற சுரங்கள் எல்லாம் அதிலிருந்து எவ்வளவு தூரம், திரும்பி வர எத்தனை எட்டு என்று தன்னை அறியாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒரு சுரத்தை வீடாக வைத்து இசையைக் கட்டும் முறைக்கு 'டோனாலிட்டி' என்று பெயர். நம் கச்சேரியில் இந்த வேலையைத் தம்புரா வெளிப்படையாகச் செய்கிறது, ஸா ஓயாமல் ஒலிக்கிறது. மேற்கத்திய இசையில் தம்புரா இல்லை, காதுதான் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் ஸா கச்சேரி முடியும்வரை அசையாது. அங்கே நடுவழியில் வீட்டையே மாற்றிவிட்டு, கடைசியில் பழைய வீட்டுக்கே திரும்புவார்கள்.

இந்தப் பயணத்துக்கு உப்பு, புளி எல்லாம் 'டிஸ்ஸனன்ஸ்'. அதாவது உரசலான சேர்க்கை. பி, சி இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள், தெரியும். அது தவறான சுரம் அல்ல. பாக்கி நிற்கும் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொசார்ட் தாராளமாகக் கடன் வாங்குவார், அடுத்த அடியிலோ அதற்கடுத்த அடியிலோ திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுக்கிற அந்த நொடியின் நிம்மதியைத்தான் நாம் 'இனிமை' என்கிறோம்.

சுருக்கிச் சொன்னால்: காதுக்கு ஒரு வீடு வேண்டும், வெளியே போய்வரக் கடன் வேண்டும், கடன் அடையும் என்ற நம்பிக்கை வேண்டும். கிளாசிக்கல் இசை இந்த மூன்றின் மேல் நிற்கிறது.

பன்னிரண்டு பேர் சீட்டு

ஷோன்பர்க் செய்தது, கடனை அடைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. உரசல் உரசலாகவே நிற்கலாம். 1909இல் அவர் எழுதிய ஓபஸ் 11 பியானோத் துண்டுகளில் வீடு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. (ஓபஸ் என்பது படைப்புக்குக் கொடுக்கும் வரிசை எண்.) வீடில்லாத இந்த இசைக்கு 'ஏடோனல்' என்று பெயர் வந்தது. ஷோன்பர்குக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டை இடித்தாகிவிட்டது. சரி, இனி எதைப் பிடித்துக்கொண்டு நீளமாக எழுதுவது? பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் கண்டுபிடித்த பதில்தான் 'பன்னிரு சுர முறை'. பெயரைக் கேட்டதும் கணக்குப் பாடம் என்று பயப்படுகிறார்கள். நம் ஊரில் சீட்டுப் போடாத வீடு உண்டா? பன்னிரண்டு பேர் சேர்ந்த குலுக்கல் சீட்டு. மாதம் ஒருவருக்குப் பணம். ஒரு தடவை எடுத்தவர், மற்றப் பதினொரு பேரும் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய மனுஷரானாலும் நடுவில் இரண்டாவது தடவை கிடையாது. பியானோவில் ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வருவதற்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைதான். பன்னிரண்டும் ஒரு சுற்று வந்த பிறகே முதல் கட்டைக்கு மறுபடி முறை. இதனால் என்ன லாபம்? ஒருவரே திரும்பத் திரும்ப எடுத்தால் அவர் சீட்டுக்கு முதலாளி ஆகிவிடுவார். மொசார்ட்டின் சி மேஜரில், அதாவது சி-யை வீடாக வைத்த பாட்டில், 'சி' அப்படித்தான் முதலாளி. ஷோன்பர்குக்கு முதலாளி வேண்டாம்.

ஒப்புமையில் ஒரு திருத்தம். நம் சீட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் குலுக்கல் மாறும். ஷோன்பர்க் முதல் சுற்றில் வந்த வரிசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். அதே வரிசையைப் பின்னாலிருந்து முன்னாலும், ஏறுவதை இறங்குவதாக்கித் தலைகீழாகவும், வேறொரு கட்டையில் தொடங்கியும் பயன்படுத்துகிறார். 1921க்கும் 1923க்கும் இடையில் எழுதிய ஓபஸ் 25 தொகுப்பு முழுவதும் ஒரே வரிசையில் பிறந்தது. வீட்டில் கீபோர்டு இருந்தால் நீங்களே அமுக்கலாம்: ஈ, எஃப், ஜி, டி ஃபிளாட், ஜி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி, பி, சி, ஏ, பி ஃபிளாட். (ஃபிளாட் என்றால் அந்தச் சுரத்துக்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் கட்டை.) கடைசி நான்கைப் பின்னாலிருந்து வாசித்தால் பி ஃபிளாட், ஏ, சி, பி. ஜெர்மானியர்கள் பி ஃபிளாட்டை 'பி' என்றும், பி-யை 'எச்' என்றும் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இந்த நாலு சுரமும் பி, ஏ, சி, எச் (BACH) என்று பாக்கின் பெயரை எழுதிக் காட்டும். இடித்துத் தள்ளியவர் என்று பெயர் வாங்கிய மனுஷர், மூத்தவரின் பெயரை அஸ்திவாரக் கல்லில் கொத்தி வைத்திருக்கிறார்.

இந்த வரிசையைக் கேட்கிறவர் காதால் பின்தொடர வேண்டுமா? வேண்டாம். சாம்பாரில் பெருங்காயம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

நெல்லிக்காயும் தண்ணீரும்

இப்போதுதான் விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். ஜோடி சேர்ப்பதால் என்ன நடக்கிறது?

நெல்லிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும். தண்ணீரில் யாரும் சர்க்கரை போடவில்லை. நாக்கு மாறியிருக்கிறது. அதற்கு முன்னால் நூறு தடவை குடித்த அதே கிணற்றுத் தண்ணீருக்கு அப்போதுதான் ருசி என்று ஒன்று இருப்பதாகத் தெரிகிறது.

காதும் இப்படித்தான். எந்த இசையையும் நாம் தனியாகக் கேட்பதில்லை, சற்று முன் கேட்டதன் மேல் வைத்துத்தான் கேட்கிறோம். முந்தைய பாட்டு அடுத்தது என்ன வரும் என்ற எதிர்பார்ப்பைக் காதில் விட்டுவிட்டுப் போகிறது. புதிய பாட்டு அந்த எதிர்பார்ப்போடு பேசுகிறது, அல்லது சண்டை போடுகிறது.

இதில் மொசார்ட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவரை நாம் அளவுக்கு மீறிக் கேட்டாகிவிட்டது. ரிங்டோன், விளம்பரம், போனில் காத்திருக்கச் சொல்லும் இசை என்று எல்லா இடத்திலும் வழிய விட்டிருக்கிறோம். அடுத்து என்ன வரும் என்பது காதுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. ஹைடன் 1794–95 வாக்கில் லண்டனில் எழுதிய சி மேஜர் சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. (சொனாட்டா என்பது பெரும்பாலும் சில பகுதிகளாக வரும் நீளமான வாத்தியப் படைப்பு.) குஷாலாக ஓடிக்கொண்டிருக்கும் மெட்டு, திடீரென்று சம்பந்தமே இல்லாத ஒரு கார்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மௌனம். தப்பு செய்த பையனைப் போல மறுபடி தொடங்கும். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கு அது பகிரங்கமான நகைச்சுவை. இன்று ஹைடனாகவே ஒரு மணி நேரம் வாசித்தால் அந்த முட்டல் 'அழகான பழைய இசை'யில் கரைந்துவிடும். அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஷோன்பர்க் வாசித்துப் பாருங்கள். எந்த வழி எங்கே போகும் என்று தெரியாத இசையில் நின்றுவிட்டு ஹைடனுக்குள் வரும் காது, அவர் போடும் ஒவ்வொரு அடியையும் கவனிக்கிறது. அந்தத் தப்பான கார்டு அப்போதுதான் உண்மையிலேயே தப்பாகக் கேட்கும். சிரிப்பும் வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மொசார்ட்டின் வாக்கிய அமைப்பு, கேள்வி-பதில், மூச்சுவிடும் இடம் எல்லாம் காதில் இருக்கும்போதே ஷோன்பர்க் தொடங்கினால், அவரிடமும் அதே கேள்வி-பதில் இருப்பது தெரிகிறது. சுரங்கள்தான் வேறு, பேசும் தோரணை வியன்னாவுடையது.

ஆக, நல்ல ஜோடியில் பழையது கொஞ்சம் அந்நியமாகிறது, புதியது கொஞ்சம் உறவுக்காரராகிறது. இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொள்கின்றன.

மினுவெட் என்ற கண்ணி

ஆனால் நெல்லிக்காய்க்குப் பிறகு தின்கிற எல்லாமே இனித்துவிடாது. ஜோடிக்கும் ஒரு பொதுக் கண்ணி வேண்டும். அது ஒரு சுரமாக இருக்கலாம், ஒரு வடிவமாக இருக்கலாம். எனக்குப் பிடித்த கண்ணி மினுவெட்.

மினுவெட் பிரெஞ்சு அரசவையில் ஆடிய நடனம். மூன்று தட்டுத் தாளம். ஹைடன் காலத்தில் ஆடுவதற்கு என்பதைவிடக் கேட்பதற்கு என்று ஆகிவிட்டது. அதன் வடிவத்தைப் பாருங்கள். முதலில் மினுவெட், நடுவில் 'ட்ரியோ' என்ற வேறு குணமுள்ள பகுதி, அப்புறம் அதே மினுவெட் மறுபடி. ஒரு சுரம்கூட மாறாது. வாசிக்கிறவர் பக்கத்தைப் பின்னால் திருப்பி அதையே வாசிப்பார். சின்ன வயதில் எனக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றியது. எழுதியதையே திரும்ப வாசித்து நேரத்தை ஓட்டுகிறார்களே என்று. பிறகுதான் புரிந்தது, ட்ரியோவைத் தாண்டி வந்த பின் அது அதே மினுவெட்டாகக் கேட்பதில்லை என்று. நெல்லிக்காய் வித்தை ஹைடனுக்கே தெரியும். பழையது, புதியது, பழையது என்று கச்சேரியை அடுக்குகிற இன்றைய கலைஞர், மினுவெட்டின் வடிவத்தைத்தான் ஒரு மாலைப்பொழுது அளவுக்குப் பெரிதாக்குகிறார்.

இந்தக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு போனால் வழி நெடுக ஆள்கள் நிற்கிறார்கள். 1909இல் ஹைடன் இறந்து நூறு ஆண்டு. பாரிஸ் இதழ் ஒன்று ஆறு இசையமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது, ஹைடனின் பெயரை வைத்து ஆளுக்கொரு பியானோத் துண்டு எழுதுங்கள் என்று. பெயரில் உள்ள ஐந்து எழுத்துக்கும் சுரம் ஒதுக்கினார்கள்: பி, ஏ, டி, டி, ஜி. ராவெல் அதை வைத்து ஒரு மினுவெட் எழுதினார். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைய. அந்த ஐந்து சுரத்தைப் பின்னாலிருந்தும் தலைகீழாகவும் நுழைத்து, எங்கே நுழைத்தேன் என்று தாளிலேயே குறித்தும் வைத்தார். டெபுஸ்ஸியும் அந்த ஆறு பேரில் ஒருவர். ஹைடன் சொனாட்டா ஒன்றை வாசித்துவிட்டு இந்த இரண்டையும் வாசித்தால், பேரப்பிள்ளைகள் தாத்தா படத்துக்கு முன்னால் நிற்பது போல இருக்கும்.

அடுத்தது ஷோன்பர்க். நான் மேலே சொன்ன ஓபஸ் 25இல் நடனங்கள்தான் நிறைய. கவோட் உண்டு, ஜிக் உண்டு, மினுவெட்டும் உண்டு. ட்ரியோவும் உண்டு, ட்ரியோ முடிந்து மினுவெட்டுக்குத் திரும்புவதும் உண்டு. அந்த ட்ரியோவில் ஒரு கை போன வழியை மற்றக் கை ஒரு அடி தள்ளித் தலைகீழாகப் பின்தொடரும். உலகத்தைப் புரட்டிப்போட வந்தவர், சுரங்களைப் பன்னிரண்டு பேர் சீட்டில் போட்டுவிட்டு, தாளத்தையும் வடிவத்தையும் பாட்டன் வீட்டு நிலைக்கதவு மாதிரி அப்படியே வைத்துக்கொண்டார். தனியாகக் கேட்டால் இது தெரியாது. ஹைடன் மினுவெட் ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் தானாகத் தட்டும்.

ஏன் பியானோ?

இதை ஆர்க்கெஸ்ட்ராவிலும் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் பியானோவுக்கு ஒரு வசதி. ஹைடனுக்கும் வெபர்னுக்கும் அதே கறுப்புப் பெட்டி, அதே பத்து விரல். குழு மாறவில்லை, குரல் மாறவில்லை. மாறுவது எழுத்து மட்டும்தான். ஒரே கல்லில் கொத்திய இரண்டு சிலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

இன்னொரு காரணம் பியானோவின் பலவீனம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்குத் தெரியும், தட்டிய நொடியில் ஒலி உச்சத்தில் இருக்கும், அப்புறம் தேய்ந்துகொண்டேதான் போகும். பியானோவும் அதே சாதி. கட்டையை அமுக்கினால் உள்ளே சுத்தியல் கம்பியைத் தட்டும், தட்டியபின் அந்த ஒலியைப் பெரிதாக்க வழி இல்லை. வயலின்காரர் வில்லை அழுத்திச் சுரத்தை வளர்க்கலாம், பியானோக்காரர் அது சாவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கிளாசிக்கல் காலத்தவர்கள் வேகமான சுரங்களால் அந்தத் தேய்மானத்தை மறைத்தார்கள். மாடர்னிஸ்டுகள் அதையே கேட்கச் சொன்னார்கள்.

ஷோன்பர்க் 1911இல் எழுதிய ஓபஸ் 19, ஆறு குட்டித் துண்டுகள். ஆறும் சேர்ந்தே ஐந்தாறு நிமிஷம்தான். முதல் ஐந்தை பிப்ரவரியில் ஒரே நாளில் எழுதினார். மே மாதம் இசையமைப்பாளர் மாலர் இறந்தார், ஷோன்பர்குக்கு அவர் தெய்வம் மாதிரி. ஜூனில் ஆறாவதை எழுதினார். மொத்தம் ஒன்பதே பார். (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று.) தூரத்து மணி அடிப்பது போல இரண்டு கார்டு, அது தேயும்வரை காத்திருத்தல், மறுபடி அதே. சத்தம் எங்கும் மெல்லியதற்கு மேலே போவதில்லை. இதைக் கேட்டபிறகு பேத்தோவனின் மெதுவான பகுதி ஒன்றைக் கேட்டால், சுரங்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடமும் அவர் எழுதியதுதான் என்று தெரியவரும்.

எல்லா ஜோடியும் ஜோடி ஆகாது

பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துக் கோக்கும் நிகழ்ச்சிகள் எனக்குப் பிடிப்பதில்லை. இதிலும் நிலா, அதிலும் நிலா என்றால், நிலா தாளில்தான் இருக்கிறது, காதில் இல்லை. பிறந்த வருஷப்படி வரிசையாக வாசிப்பதும் பள்ளிக்கூடச் சுவரில் தலைவர்கள் படம் மாட்டுவது போல ஆகிவிடுகிறது. எல்லாவற்றிலும் மோசம், இடைவேளைக்கு முன்னால் ஆறு நிமிஷம் மாடர்ன் இசையைச் சடங்குக்கு வாசித்துவிட்டு ஓடுவது. வாசிக்கிறவரே அதை நம்பவில்லை என்று கடைசி வரிசைக்கும் தெரியும்.

நன்றாக அமைந்ததற்கு ஒன்று சொல்கிறேன். மொசார்ட் 1788இல் பி மைனரில் ஒரு தனி அடாஜியோ, அதாவது மெதுவான துண்டு, எழுதினார். மைனர் என்றால் இருண்ட சாயல் கொண்ட சுர அமைப்பு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பி மைனர் அவர் அபூர்வமாகத் தொடும் வீடு. மெதுவாக, தட்டுத் தடுமாறிப் போய், கடைசிச் சில பாரில் மட்டும் மேஜருக்கு, வெளிச்சத்துக்கு, வந்து முடிகிறது. பெர்க்கின் ஓபஸ் 1 சொனாட்டாவும் பி மைனர்தான், 1910இல் வெளிவந்தது, ஒரே பகுதி. அது எங்கிருந்தோ தொடங்குவது போலத் தொடங்கி, முதல் வாக்கியத்திலேயே பி மைனர் திண்ணையில் வந்து உட்காருகிறது. உடனே எழுந்து கிளம்பிவிடுகிறது. பதினொரு நிமிஷம் போல எங்கெங்கோ சுற்றி, வீடு என்று ஒன்று இருந்ததே மறந்துபோன பிறகு, கடைசியில் அதே திண்ணை. தனியாகக் கேட்கும் புதியவருக்கு அந்தத் திண்ணை கண்ணில் படாது. மொசார்ட் பத்து நிமிஷம் அந்த வீட்டைக் காதில் கட்டி வைத்திருந்தால், படும்.

பழைய உதாரணம் ஒன்றும் உண்டு. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955 ஜனவரியில், 22 வயதில், அமெரிக்காவில் முதன்முதலாக வாசித்தார். புதுப் பையன், ஊரை மயக்க ஷோப்பேனும் லிஸ்டும் வாசிப்பான் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் எடுத்தது 1600ஐ ஒட்டிய கிப்பன்ஸ், ஸ்வேலிங்க், அப்புறம் பாக், பேத்தோவனின் ஓபஸ் 109, வெபர்னின் வேரியேஷன்ஸ், பெர்க்கின் இதே சொனாட்டா. 'வேரியேஷன்' என்றால் ஒரு கருவை எடுத்து உருமாற்றிக்கொண்டே போவது. ஓபஸ் 109இன் கடைசிப் பகுதியும் வேரியேஷன்தான். அந்தப் பட்டியலில் முந்நூறு வருஷத்துக்கு மேல் தூரம் இருக்கிறது. ஆனாலும் பல குரல்களை ஒன்றுக்குள் ஒன்று பின்னி எழுதும் பைத்தியம் எல்லாரிடமும் இருக்கிறது.

அளவும் முக்கியம். நாஞ்சில் நாட்டுப் பந்தி இலையில் பிரதமன் திகட்டும்போது ஓரத்து நார்த்தங்காயைத் தொட்டு நாக்கில் வைப்பார்கள். அதை யாரும் கரண்டி கரண்டியாக விளம்புவதில்லை. வெபர்னின் வேரியேஷன்ஸ் முழுவதும் ஆறு நிமிஷம் போலத்தான், பேத்தோவனின் கடைசி சொனாட்டா அரை மணியைத் தொடும். ஆனால் ஒப்புமை இங்கே நொண்டுகிறது. வெபர்ன் நிமிஷக் கணக்கில்தான் தொடுகறி, கேட்டு முடித்தால் ஒரு முழுச் சாப்பாட்டின் களைப்பு வரும்.

இன்னொன்று, கைதட்டல். நெல்லிக்காய் தின்றவுடன் வாயைக் கொப்பளித்தால் என்ன மிச்சம் இருக்கும்? அதனால்தான் சில கலைஞர்கள் இரண்டு துண்டுக்கு நடுவே கையைக் கட்டையிலிருந்து எடுப்பதே இல்லை. ஷோன்பர்க் 1918இல் வியன்னாவில் நடத்திய தனிப்பட்ட இசைச் சங்கத்தில் கைதட்டலுக்கே தடை. என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். கடினமானதை மறுபடியும் வாசிப்பார்கள்.

வீட்டில் எப்படிக் கேட்பது

பெரிய பியானோக் கச்சேரிக்கு நாம் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோதான் போகவேண்டும். அதனால் போன்தான் கதி. நாகர்கோவில் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டி ஓபஸ் 19 கேட்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். ஒன்பது பாரையும் வெட்டூர்ணிமடம் ஹாரன் விழுங்கிவிட்டது. இன்னொரு நாள் மொசார்ட்டின் அடாஜியோ முடிந்து, பெர்க் தொடங்கும் முன் அந்த மௌனத்துக்காகக் காத்திருந்தேன். நகைக்கடை விளம்பரம் வந்தது. இப்போதெல்லாம் இரண்டையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் கேட்கிறேன்.

முற்றிலும் புதியவர்களுக்கு இசையமைப்பாளர் லிகெட்டியின் 'மூசிகா ரிசெர்காட்டா' நல்ல ஏணி. 1951 முதல் 1953 வரை எழுதியது, பதினொரு துண்டு. முதல் துண்டு முழுக்க 'ஏ' என்ற ஒரே சுரம், கடைசியில் மட்டும் இன்னொன்று. அடுத்ததில் மூன்று சுரம், அதற்கடுத்ததில் நாலு என்று ஏறி, பதினொன்றாவதில் பன்னிரண்டும் வந்துவிடும். ஒரு சுரத்தை மட்டும் வைத்து எவ்வளவு ஆட்டம் ஆடலாம் என்று கேட்டபிறகு, ஹைடனிடம் போங்கள்.

கீபோர்டு படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னும் எளிது. மொசார்ட் 1762இல், ஆறு வயதை ஒட்டி எழுதிய எஃப் மேஜர் மினுவெட் இருக்கிறது, மொசார்ட்டின் படைப்புகளுக்கு எண் கொடுத்த கோஷெல் பட்டியலில் இரண்டாம் எண். பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய 'மிக்ரோகோஸ்மோஸ்' 153 துண்டில் ஐம்பதாவது 'மினுவெட்டோ'. இரண்டும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மொசார்ட், பார்டோக், மறுபடி மொசார்ட் என்று நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கும் அடுத்த சனிக்கிழமை அதைத்தான் சொன்னேன். அந்த மொசார்ட் மினுவெட்டில் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் உண்டு. ஓடிவந்த மெட்டு, முடிக்காமல் ஒரு கார்டில் சற்று நிற்கும். 'ஆ' சொல்லிவிட்டு 'மென்' சொல்ல மறந்தது போல. ஆறு மாதமாக அந்த வீட்டில் தினமும் ஒலித்த மினுவெட் அது. அவள் மூன்றையும் வாசித்து முடித்துக் கையை மடியில் வைத்தாள். அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"ஏன் மோளே, அந்தப் பழய பாட்டுல நடுவுல நிக்குத மாதிரி புதுசா சேத்தியா?"